ஆடுகளத்துச் செல்வம்

பொதிய மலையிற் பிறந்து பாபநாசத்தில் சமவெளியைத் தொடும் தாமிரபரணி, ஆண்டு முழுவதும் ஒரே அளவாக நீர் கொண்டு வருவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மலைமுகட்டில் மழை பொழியும் சில திங்களிலேயே அதன் செல்வம் பெரும்பாலும் வந்து சேர்கின்றது. அந்நாளில் அகத்தியர் அருவி ஆரவாரித்து வீழும்; படித்துறைகள் நீரில் மூழ்கும். கோடை வந்ததும் பாறைகள் தலைகாட்டும். ஆயினும், இவ்வாற்றங்கரை உழவர் கார், பிசானம் என இருபோகம் விளைவிக்கின்றனர். இஃது எங்ஙனம் இயலுகின்றது? மலைமேல் 143 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கிக் காக்கும் பாபநாசம் அணையும், கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் ஈறாக ஆற்றின் குறுக்கே நிற்கும் எட்டு அணைக்கட்டுகளும், அவற்றினின்று பிரியும் கால்வாய்களுமே இதற்குக் காரணம். வந்த வெள்ளத்தைத் தேக்கி, அளந்து, வழிப்படுத்திய முன்னோரின் அறிவே இப்பள்ளத்தாக்கின் வளமாயிற்று.

விளையாட்டையே தொழிலாகக் கொண்டோர் ஈட்டும் பொருளும் இத்தகைய பருவ வெள்ளமே. ஆசிரியர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் பணிபுரியலாம். மருத்துவர் எழுபது அகவையிலும் நோய் தீர்க்கலாம். பந்து வீசும் தோளும் பாய்ந்தோடும் காலும் அத்துணைக் காலம் நில்லா. பத்து அல்லது பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலோரின் ஆட்டம் முடிந்துவிடும். ஆதலின், அச்சில ஆண்டுகளில் பொருள் எவ்வாறு வருகின்றது, வந்த பொருள் எவ்வாறு நிலைக்கின்றது என்னும் இரண்டையும் அறிதல் வேண்டும். இக்காலத்தில் விளையாட்டை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விழையும் மாணவர் பலராதலின், அவற்றை ஈண்டுச் சிறிது விரித்துக் காண்போம்.

முற்காலத்தில் விளையாட்டால் பொருள் வந்தது மிகச் சிறிதே. 1983ஆம் ஆண்டில் கபில் தேவ் தலைமையில் இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்தில் உலகக் கோப்பையை வென்றது. வென்று வந்த வீரர்க்குத் தக்க பரிசு வழங்கும் அளவுக்கு அந்நாளில் கிரிக்கெட் வாரியத்தினிடம் பொருள் இல்லை. இசையரசி லதா மங்கேஷ்கர் தில்லியில் இசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டித் தந்தார்; அதனைக்கொண்டு வீரர் ஒவ்வொருவர்க்கும் 1 லட்சம் ரூபாய் அளிக்கப்பெற்றது. உலகை வென்ற வீரர்க்கும் நிலை இதுவாயின், மற்றை ஆட்டங்களில் ஈடுபட்டோர் நிலை கூறவேண்டுமோ!

அக்காலத்து வீரர்க்கு உற்ற துணையாய் நின்றது உத்தியோகம். இரயில்வே, காவல்துறை, வங்கி, மின்வாரியம், ஆலைகள் முதலியன தத்தமக்கென அணிகளை அமைத்து, நன்கு ஆடுவோர்க்கு வேலை கொடுத்தன. தாமிரபரணி கடலொடு கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் மணத்தி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரினரான கணேசன், சடுகுடு என்று நம் முன்னோர் வழங்கிய கபடியில் தேர்ந்து, 1994ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அருச்சுனா விருதும் பெற்றார். அவர்க்கு நிலையான வருவாய் தந்தது தமிழ்நாடு மின்சார வாரியப் பணியேயாகும். ஓட்டத்தில் புகழ்பெற்ற பி. டி. உஷா தெற்கு இரயில்வேயிற் பணிபுரிந்தார். மகேந்திர சிங் தோனியும் தம் இளமையில் கரக்பூர் இரயில் நிலையத்திற் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவரே. இத்தகைய வருவாய் சிறு வாய்க்கால் போன்றது. பெருகி வராதாயினும் திங்கள்தோறும் தவறாது வரும். ஆட்டம் நின்ற பின்னும் நில்லாது. இன்றும் தமிழக அரசு தன் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்க்கென 3 விழுக்காடு இடம் ஒதுக்கியுள்ளது.

இவ்வேலை முறையிலிருந்து இக்காலத்து ஒப்பந்த முறைக்கு விளையாட்டு மாறிய வரலாற்றில் நம் நெல்லை நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள தாழையூத்தில், சங்கர் நகர் என்னும் இடத்தில் 1949ஆம் ஆண்டு இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. அக்கம்பெனி பின்னாளில் கிரிக்கெட் வீரர் பலர்க்கு வேலை கொடுத்து அவர்களை ஆதரித்தது. 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐ.பி.எல். எனப்படும் இந்தியப் பிரிமியர் லீக் போட்டி அமைக்கப்பட்டபோது, சென்னை அணியின் உரிமையைப் பத்தாண்டுகளுக்கு 9 கோடியே 10 லட்சம் டாலர் விலை கூறிப் பெற்றதும் அக்கம்பெனியே. வீரர்க்கு மாதச் சம்பளம் அளித்து வந்த நிறுவனம், வீரரை ஏலத்தில் ஒப்பந்தம் செய்யும் அணியின் உரிமையாளராக மாறியது. சங்கர் நகரில் உள்ள அதன் திடலில், 2016ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு பிரிமியர் லீக் போட்டியின் ஆட்டங்களும் நடைபெற்றன. பெருநகரங்களுக்கே உரியதாயிருந்த ஆட்டம், நெல்வயல் சூழ்ந்த நாட்டிற்கும் இவ்வாறு வந்தது.

இனி, ஏலமும் ஒப்பந்தமும் நிகழும் முறையைக் காண்போம். ஏலத்தில் விற்கப்படுவது வீரர் அல்லர். குறித்த காலத்திற்கு அவர் ஆடும் பணியேயாகும். வீரர் தமக்குரிய அடிப்படை விலையைக் கூறிப் பெயரைப் பதிவு செய்கின்றார். அணிகள் போட்டியிட்டு அவ்விலையை உயர்த்துகின்றன. முடிவில் கூறப்படும் தொகை, ஒரு பருவத்து ஆட்டத்திற்கு உரிய ஊதியம் ஆகும். ஓர் அணி தன் வீரர் அனைவர்க்கும் செலவிடத்தக்க தொகைக்கு எல்லையும் உண்டு. 2008ஆம் ஆண்டில் அவ்வெல்லை 50 லட்சம் டாலர். 2025ஆம் ஆண்டுப் பருவத்திற்கு அது 120 கோடி ரூபாய். முதல் ஏலத்தில் தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு, அந்நாளைய கணக்கில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய்க்கு, ஒப்பந்தம் செய்தது.

இத்துணைப் பொருள் எங்கிருந்து வருகின்றது? திடலில் அமர்ந்து காண்போர் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் இதனுள் ஒரு சிறு கூறே. வீட்டிலிருந்து தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காண்போர் பல கோடி. அவர் கண்முன் தம் பண்டங்களை வைக்க வணிகர் விழைகின்றனர். அவ்விளம்பர வருவாயை நம்பி ஒளிபரப்பு நிறுவனங்கள் பெருந்தொகை கொடுக்கின்றன. 2023 முதல் 2027 வரையுள்ள ஐந்தாண்டு ஐ.பி.எல். ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை, 2022ஆம் ஆண்டில் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அத்தொகையில் ஒரு பங்கு வாரியத்திற்கும், ஒரு பங்கு அணிகளுக்கும், அணிகளின் வழியாக வீரர்க்கும் செல்கின்றது. எனவே, வீரரின் ஊதியத்தை முடிவு செய்வது அவர் திறமை மட்டுமன்று. அவ்விளையாட்டைக் காண்போர் தொகையுமாகும். அதே உழைப்பும் அதே பயிற்சியும் உடைய வளைகோற்பந்து வீரரும் தடகள வீரரும் இவ்வருவாயைக் காணாமைக்குக் காரணம் இதுவே.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்திற் பிறந்தவர் நடராசன். தந்தை கூலித் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் சிறு கடை வைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். அவர் திறமையைக் கண்டு வழிநடத்தினார் அவ்வூரினரான ஜெயப்பிரகாஷ். மட்டையாளரின் கால்முனையில் விழுமாறு பந்தை இடைவிடாது வீசும் அருந்திறல் நடராசனுக்கு வாய்த்தது. 2017ஆம் ஆண்டு ஏலத்தில் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. நாடு வியந்தது. ஆனால், அடுத்த ஆண்டிலேயே ஐதராபாத் அணி அவரை எடுத்த தொகை 40 லட்சம் மட்டுமே. 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு ஆடினார். 2022ஆம் ஆண்டில் அவர் விலை 4 கோடி. 2024 நவம்பர் ஏலத்தில் 10 கோடியே 75 லட்சம். ஒரே மனிதர், ஒரே கை. விலையோ ஏறியும் இறங்கியும் மீண்டும் ஏறியும் வந்துள்ளது. 3 கோடி பெற்ற ஆண்டில் இனி என்றும் 3 கோடி வரும் என்றெண்ணிக் கடன் வாங்கியிருப்பின், 40 லட்சம் பெற்ற ஆண்டு அவர்க்கு எத்துணை இடர் தந்திருக்கும்!

மற்றொரு தமிழக வீரரான வருண் சக்கரவர்த்தி, கட்டடக் கலை பயின்று, பின்னர்க் கிரிக்கெட்டிற்கு வந்தவர். 2018 டிசம்பரில் 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8 கோடியே 40 லட்சத்திற்கு அவர் பெயர் உயர்ந்தது. காயத்தின் காரணமாக, அப்பருவத்தில் அவர் ஆடியது ஒரே ஆட்டம். அணி அவரை விடுத்தது. மறு ஏலத்தில் கொல்கத்தா அணி 4 கோடிக்கு எடுத்தது. அவர் மனந்தளராது உழைத்து, 2025ஆம் ஆண்டில் சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் சிறந்த பந்து வீச்சாளராக விளங்கினார். கபடியிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. 2022ஆம் ஆண்டில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது; முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அப்பருவம் முழுவதும் அவர் ஆட இயலாது போயிற்று. உடலே முதலாகக் கொண்ட தொழிலில் ஒரு நொடியில் முதல் குன்றிவிடும். ஆதலின், ஒப்பந்தத்தில் தொகையைக் காணுமுன் காணவேண்டியவை சில உள: ஒப்பந்தம் எத்துணைக் காலத்திற்கு? காயமுற்றால் ஊதியம் உண்டா? மருத்துவச் செலவு யாருடையது? எக்காரணத்தால் அணி விலக்கலாம்? வீரரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமை யாருக்கு? இவற்றை வினவாது கையெழுத்திடுபவர், ஆழம் அறியாது ஆற்றில் இறங்குபவர் ஆவர்.

பெண்மக்களுக்கும் இவ்வாயில் இப்பொழுது திறந்துள்ளது. ஆடவர்க்கு உரிய ஆட்டக் கட்டணமே மகளிர்க்கும் என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2022ஆம் ஆண்டில் அறிவித்தது. 2023ஆம் ஆண்டில் நடந்த மகளிர் பிரிமியர் லீக்கின் முதல் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனாவைப் பெங்களூர் அணி 3 கோடியே 40 லட்சத்திற்கு எடுத்தது. 2024 டிசம்பரில் மதுரையைச் சேர்ந்த கமலினி தம் பதினாறாம் அகவையில் 1 கோடியே 60 லட்சத்திற்கு மும்பை அணியின் ஒப்பந்தம் பெற்றார். பள்ளிப் பருவத்திலேயே பெரும்பொருள் வரும் இக்காலத்தில் மாணவர் ஒரு சட்டத்தை அறிதல் நன்று. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பதினெட்டு அகவை நிரம்பாதவர் தாமே செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே, இளையோர்க்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ நின்று, ஆராய்ந்து செய்தல் வேண்டும்.

பரிசுத் தொகை பிறிதொரு வகை வருவாய். 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் பதினெட்டாம் அகவையில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றார். அப்போட்டியின் மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். வென்ற ஆட்டம் ஒன்றுக்கு 2 லட்சம் டாலர் என்றும், எஞ்சியதை இருவரும் சமமாகப் பகிர்வதென்றும் விதி. குகேஷ் மூன்று ஆட்டங்களும், எதிர்த்து ஆடிய டிங் லிரன் இரண்டு ஆட்டங்களும் வென்றனர். ஆகவே, குகேஷுக்கு வந்தது 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர். தமிழக அரசு அவர்க்கு 5 கோடி ரூபாய் வழங்கிச் சிறப்பித்தது. பரிசு பெரிது, ஆயினும் தோற்பவர்க்குப் பங்கு குறையும், போட்டிக்கு வராதவர்க்கோ ஒன்றும் இல்லை.

வருவாய்களுள் மிகப் பெரியதாக வளரக்கூடியது விளம்பரம். ஒரு வணிகர் தம் சவர்க்காரத்தையோ காலணியையோ விற்க வீரரின் முகத்தை நாடுவது ஏன்? மக்கள் அவ்வீரரிடம் வைத்த அன்பும் நம்பிக்கையும் தம் பண்டத்தின்மேலும் படியும் என்று அவர் கருதுவதனாலே. ஆகவே, விளம்பரத்தில் விலைபோவது வீரரின் நற்பெயரேயாகும். ஃபாரூக் எஞ்சினியர் 1960களிலேயே பிரில்கிரீம் என்னும் தலைப்பூச்சு விளம்பரத்தில் தோன்றினார். 1995ஆம் ஆண்டில் சச்சின் டெண்டுல்கர் வேர்ல்டெல் நிறுவனத்தோடு ஐந்தாண்டுக்குச் செய்த ஒப்பந்தம் 30 கோடி ரூபாய் அளவினது எனப் பேசப்பட்டது. இந்திய விளையாட்டில் விளம்பரத்தின் பெருவழியை அதுவே திறந்தது. கிரிக்கெட் அல்லாத துறையினராயினும், சதுரங்க வல்லுநர் விசுவநாதன் ஆனந்தை, கணிப்பொறிக் கல்வி புகட்டும் என்.ஐ.ஐ.டி. நிறுவனம் தன் தூதராகக் கொண்டது. கூர்த்த மதிக்குப் பெயர்பெற்றவரைக் கல்வி நிறுவனம் நாடியது பொருத்தமே அன்றோ? 2017ஆம் ஆண்டில் விராட் கோலி பூமா நிறுவனத்தோடு எட்டாண்டுக்குச் செய்த ஒப்பந்தத்தின் தொகை 110 கோடி ரூபாய் எனச் செய்தித்தாள்கள் எழுதின.

விளம்பர ஒப்பந்தத்திலும் வகைகள் உண்டு. சிலர் ஆண்டுக்கு இத்துணை நாள் படம்பிடிப்புக்கு வருவதாகக் கூறி ஒரு தொகை பெறுவர். சிலர் விற்கும் பண்டம் ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு பெறுவர். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் 1984ஆம் ஆண்டில் நைக் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். அவர் பெயரால் விற்கும் காலணிகளிலிருந்து அவர்க்குப் பங்கு கிடைத்தது. ஆடிய காலம் முழுவதும் அவர் பெற்ற ஊதியம் ஏறத்தாழ 9 கோடி டாலர். ஓய்வுக்குப் பின்னர் அவர் பெயரிலுள்ள காலணி விற்பனை, ஓராண்டிலேயே அதனினும் மிகுந்த தொகையை அவர்க்குத் தந்துள்ளது எனக் கணக்கிடுவர். ஊதியம் பெறுபவர் உழைத்த நாளுக்குப் பொருள் பெறுகின்றார். பங்கு பெறுபவர் உறங்கும் நாளிலும் பெறுகின்றார்.

நற்பெயரை விற்பவர்க்குப் பொறுப்பும் உண்டு. ஆம்ரபாலி என்னும் கட்டட நிறுவனத்தின் விளம்பரத் தூதராகத் தோனி இருந்தார். அந்நிறுவனத்தினிடம் பணம் கட்டிய பல்லாயிரவர் வீடு கிடைக்காது வருந்தினர். 2016ஆம் ஆண்டில் அவர்கள் அவரை நோக்கி முறையிட, அவர் அப்பொறுப்பினின்றும் விலகினார். 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பதிவை நீக்கியது. தமக்கு வரவேண்டியவற்றைக் கோரித் தோனியும் நீதிமன்றத்தை அடைய நேர்ந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான விளம்பரத்தில் தோன்றுவோர்க்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. தவறு தொடருமாயின் 50 லட்சம் வரை விதிக்கலாம். சில ஆண்டுகள் விளம்பரத்தில் தோன்றாதபடி விலக்கவும் செய்யலாம். பண்டத்தின் தன்மையை முன்னரே ஆராய்ந்தவர்க்கு அச்சட்டம் காப்பும் அளிக்கின்றது. 2025ஆம் ஆண்டில், பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் நடுவண் அரசு சட்டத்தால் தடுத்தது. இந்திய அணியின் மேலாடையில் இடம்பெற்றிருந்த அத்தகைய நிறுவனம் ஒன்றன் பெயர் அதனால் நீங்கியது.

வந்த பொருளை வேண்டா என்று சொன்னவரும் உளர். 2001ஆம் ஆண்டில் புல்லேலா கோபிசந்த் ஆல் இங்கிலாந்து இறகுப்பந்துப் பட்டத்தை வென்றார். குளிர்பான நிறுவனம் ஒன்று அவரைத் தன் விளம்பரத்திற்கு அழைத்தது. தாம் அருந்தாத பானத்தை, உடலுக்கு நன்மை தராததெனத் தாம் கருதும் பானத்தைப் பிறர்க்குப் பரிந்துரைத்தல் ஆகாது என்று அவர் மறுத்துவிட்டார். அந்நாளில் அவர் பெருஞ்செல்வர் அல்லர். பின்னர் ஐதராபாத்தில் பயிற்சிக்கழகம் அமைக்கும்போது தம் வீட்டை அடகு வைத்துப் பொருள் திரட்டினார். அக்கழகத்திற் பயின்ற சாய்னா நேவால் 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் வெண்கலமும், பி. வி. சிந்து 2016ஆம் ஆண்டில் வெள்ளியும் வென்றனர். மறுத்த பொருள் அவர்க்கு இழப்பாயிற்று. அவர் காத்த நம்பிக்கையோ, பெற்றோர் பலர் தம் மக்களை அவரிடம் ஒப்படைக்கத் துணியும் துணையாயிற்று.

பொருள் வரும் வழிகளைக் கண்டோம். அது நிலைக்கும் வழியே இன்றியமையாதது. குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற மைக் டைசன் 30 கோடி டாலருக்கும் மேலாக ஈட்டியவர். 2003ஆம் ஆண்டில் கடன் தீர்க்க இயலாதவராக நீதிமன்றத்தை அடைந்தார். தம் பதினேழாம் அகவையில் 1985ஆம் ஆண்டு விம்பிள்டன் டென்னிஸ் பட்டம் வென்ற போரிஸ் பெக்கர், 2017ஆம் ஆண்டில் அந்நிலையையே எய்தினார். சொத்தை மறைத்த குற்றத்திற்காக 2022ஆம் ஆண்டிற் சிறையும் புகுந்தார். இவர்கள் திறமையிற் குறைந்தவரா? அல்லர். வந்த வெள்ளத்திற்கு அணை கட்டாதவர்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். வீரர் ஒருவர் தம் இருபத்திரண்டாம் அகவை முதல் முப்பத்திரண்டாம் அகவை வரை பத்தாண்டு பொருள் ஈட்டுகின்றார். எழுபத்திரண்டு அகவை வரை வாழ்கின்றார் என்று கொள்வோம். பத்தாண்டு வருவாய் ஐம்பதாண்டு வாழ்க்கைக்கு உதவ வேண்டும். அஃதாவது, ஓராண்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கே அவ்வாண்டிற்கு உரியது. நான்கு பங்கு வருங்காலத்திற்கு உரியது. ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் அவர்க்கு வருவதாகக் கொள்க. உயர்ந்த வருவாய்க்கு வருமான வரியின் அடிப்படை வீதமே நூற்றுக்கு 30. கூடுதல் வரியும் உண்டு. முகவர்க்குரிய கட்டணம், பயிற்சியாளர், உடலியக்க மருத்துவர் முதலியோர்க்குரிய செலவு ஆகியவை போக 60 லட்சம் எஞ்சுமாயின், அவ்வாண்டில் அவர் தமக்கெனச் செலவிடத்தக்கது 12 லட்சம். திங்களுக்கு 1 லட்சம். கோடி பெறும் வீரர் என ஊரார் கூறுவர். அவருடைய உண்மை வாழ்க்கைச் செலவின் எல்லை இதுவேயாகும். சேமித்த பொருள் வட்டியால் வளருமே என்று சிலர் கூறலாம். விலைவாசியும் உடன் வளருமாதலின், அவ்வளர்ச்சியை நம்பிக் கணக்கைத் தளர்த்துதல் அறிவுடைமை அன்று.

வள்ளுவப் பெருந்தகை, வரவின் எல்லை உணர்ந்து செலவு செய்தலைப் பொருள்செயல்வகையில் வைக்காது, வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில் வைத்தமை எண்ணி மகிழ்தற்குரியது. தன் வலியும் மாற்றான் வலியும் தூக்கி ஆராய வேண்டிய இடத்தில், தன் கைப்பொருளின் வலியையும் ஆராயவேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். ஆடுகளத்தில் எதிரியின் வலியை அளக்கத் தெரிந்தவர், தம் பெட்டியின் வலியையும் அளக்கத் தெரிதல் வேண்டும்.

சேமிக்கும் முறையிலும் அறிவு வேண்டும். எட்டு அணைக்கட்டுகளும் ஒரே இடத்தில் கட்டப்படவில்லை. ஒன்று பழுதுற்றாலும் மற்றவை பாசனத்திற்கு உதவும். அவ்வாறே, பொருளையும் ஓரிடத்தில் முடக்காது, வைப்புநிதி, நிலம், வீடு, நல்ல நிறுவனங்களின் பங்கு எனப் பிரித்து வைப்பர் அறிந்தோர். காயத்திற்கும் உயிருக்கும் காப்பீடு செய்வர். கணக்கை உறவினரிடமோ முகவரிடமோ ஒப்படைத்துவிட்டு உறங்காது, திங்கள்தோறும் தாமே பார்ப்பர். விரைவில் இருமடங்காக்கித் தருவேன் என்று வருவாரை வாயிலிலேயே நிறுத்துவர்.

செல்வத்தின் பயன் தன்னொடு முடிவதன்று. நடராசன் தம் பெயரும் பொருளும் உயர்ந்த பின், சின்னப்பம்பட்டியிலேயே கிரிக்கெட் திடல் ஒன்றை அமைத்தார். 2023ஆம் ஆண்டில் அதனைத் தமிழக வீரர் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். தாம் இளமையில் காணாத ஆடுகளத்தைத் தம் ஊர்ச் சிறுவர் காணச் செய்த அச்செயல், ஏலத்தொகை எதனினும் நெடுங்காலம் நிற்கும்.

மாணவர்களே! விளையாட்டை விரும்புங்கள், அதில் உயரவும் முயலுங்கள். ஆனால், ஓர் எண்ணை நினைவிற்கொள்ளுங்கள். 2024 நவம்பர் ஐ.பி.எல். ஏலத்திற்குப் பெயர் பதிந்தோர் 1574 பேர்; அணிகளால் எடுக்கப்பட்டோர் 182 பேர். பதிந்த அனைவருமே பல்லாண்டு பயின்று தேர்ந்தவர். அவருள்ளும் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர்க்கே அவ்வாண்டு இடம் கிடைத்தது. அவ்விடத்தைக் கருதிப் பள்ளிப் படிப்பைத் துறத்தல் தகாது. வருண் சக்கரவர்த்திக்குக் கட்டடக் கலை கையில் இருந்தது. மணத்தி கணேசனுக்கு மின்வாரியப் பணி இருந்தது. கல்வி கற்றவர்க்கு ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியும். கணக்கறிந்தவரை முகவர் ஏமாற்ற இயலாது. ஆட்டம் நின்ற பின்னும் செய்வதற்கு ஒரு தொழில் இருக்கும். அம்பாசமுத்திரத்திலும் விக்கிரமசிங்கபுரத்திலும் பாபநாசத்திலும் மாலைதோறும் பந்தின் பின் ஓடும் சிறுவருள், நாளை பெரும்பொருள் பெறுபவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் இன்று பயிலவேண்டியவை இரண்டு: திடலில் ஆட்டம், வகுப்பறையில் எழுத்தும் எண்ணும்.